கிளைமாக்ஸில் அவள் போக வேண்டும்

சினிமாக்காரர்கள் கதை பண்ண ஏன் பாண்டிச்சேரிக்கு வருகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கடல் காற்று, மஞ்சள் சுவர், அமைதி என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். அட போங்கப்பா. நான் உட்கார்ந்த அறையில் ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் இருந்தது. ஏசி ஓடுகிறது என்று அந்த ஜன்னலையும் திறக்க விடமாட்டார்கள். கடல் இரண்டு தெரு தள்ளித்தான், ஆனால் கதை விவாதம் நடந்த அத்தனை நாளில் ஒருநாள்கூட நான் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் எதற்காக இந்த ஊருக்கு வந்தார்கள் என்பது, நான் சாயங்காலம் பையை எடுக்கும்போதே கட்டிலுக்கு அடியிலிருந்து பாட்டில் சத்தமாகக் கேட்க ஆரம்பிக்கும்.

அந்த அறைக்குள் நான் போனது ஒரே ஒரு விஷயத்துக்காக. என்னிடம் ஒரு கதை இருந்தது. ஒரு பெண். கல்யாணமாகிப் பல வருடம் ஆனவள். புருஷன் குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான், வேறு பெண் சமாச்சாரம் கிடையாது. ஒருநாள் அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பஸ் ஏறிப் போய்விடுகிறாள். திரும்பி வருவதில்லை. அவ்வளவுதான் கதை. நடுவில் பாட்டு வையுங்கள், சண்டை வையுங்கள், அவளுக்கு ஒரு தங்கையைச் சேருங்கள், எனக்குக் கவலையில்லை. கடைசியில் அவள் போக வேண்டும். அதை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறினேன்.

நான் பிறந்தது இதே ஊர் சாரத்தில், வாழ்க்கைப்பட்டது அரியாங்குப்பத்தில். தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தேன். திரைக்கதை என்று எதையாவது நான் கற்றுக்கொண்டேன் என்றால் அங்கேதான். சாப்பாட்டு நேரத்தில் படக்கதை சொல்வேன். தியேட்டருக்குப் போக வழியில்லாத பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். கதை கொஞ்சம் இழுத்தால் போதும், ஒருத்தி எழுந்து டப்பா கழுவப் போய்விடுவாள். ஒருத்தி எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். அதனால் அவள் எழுவதற்குள் கதையில் யாராவது அழ வேண்டும், இல்லாவிட்டால் யாராவது கதவைத் தட்ட வேண்டும். நாளாக ஆக, படத்தில் இல்லாத காட்சிகளையும் நானே சேர்த்துவிட்டேன். அந்தப் படத்தை அப்புறம் டிவியில் பார்த்துவிட்டு, "நீ சொன்னதுதாண்டி நல்லா இருந்துச்சி. இவனுங்க கெடுத்து வெச்சிருக்கானுங்க" என்று கோபப்பட்டவர்கள் உண்டு.

அந்த வேலை போனதைச் சொல்ல வேண்டும். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் என் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் நடந்த சமயம். நான் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டேன். லீவு முடிகிற நாளில் சாதம் போட்டுக்கொண்டிருக்கிறேன், என் வீட்டுக்காரர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "உங்க சூப்பர்வைசருக்கு போன் பண்ணி நீ இனிமே வரமாட்டன்னு சொல்லிட்டேம்மா. பாவம், எவ்ளோ நாள்தான் அலைவ" என்றார். எனக்கு ஒரு பெரிய உதவி செய்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே, இந்த மனுஷருக்கு! கத்தியிருக்க வேண்டும். ஆனால் நல்லது செய்தவரிடம் எப்படிக் கத்துவது? அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

கதையில் வரும் அந்தப் பெண் அன்றைக்குத்தான் என் மண்டைக்குள் பையை எடுத்தாள். நான் எடுக்கவில்லை, அவள் எடுத்தாள். எனக்குப் போகிற இடம் எதுவும் இல்லை, போக ஆசையா என்றுகூடச் சரியாகத் தெரியாது. அதனால்தான் அவளாவது போக வேண்டும் என்று அவ்வளவு பிடிவாதம்.

கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவளின் தம்பி சென்னையில் ஒரு டைரக்டரிடம் அசிஸ்டென்ட்டாக இருந்தான். அக்காவைப் பார்க்க வந்த இடத்தில் என் கதையைக் கேட்டு, டைரக்டரிடம் சொல்லியிருக்கிறான். அவர் அடுத்த படத்துக்குக் கதை தேடிக்கொண்டு பாண்டிச்சேரிக்கே வந்து ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை எடுத்தார். என்னை உட்கார வைத்துக் கதையைப் பண்ணலாம் என்று கூப்பிட்டார். வீட்டில் சொன்னேன்.

"ரூம்லயா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமாங்க. டிஸ்கஷன்னா ரூம்லதான் நடக்குமாம்."

"சரி, நானும் வரேன். மேல வரல, கீழ உக்காந்துக்குறேன்."

அவருக்கு அரியாங்குப்பத்தில் மோட்டார் ரிப்பேர் பண்ணி காயில் கட்டும் கடை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தினமும் என்னை வண்டியில் கூட்டிவந்து, கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் பேப்பரை விரித்து உட்கார்ந்துகொள்வார். சந்தேகப்பட்டு வந்தார் என்று சொல்லமாட்டேன். அத்தை கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும், தெருவில் கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும். எனக்கும் அவர் கீழே இருப்பது தைரியமாகத்தான் இருந்தது.

அறைக்குள் ஒரு வழக்கம். விவாதத்தின் நடுவே யாரும் கதவைத் திறக்கக்கூடாது. திறந்தால் வருகிற யோசனை வெளியே ஓடிவிடும் என்பது டைரக்டரின் நம்பிக்கை. பாத்ரூம் போவதாக இருந்தாலும் ஒரு காட்சி முடிந்த பிறகுதான். கதை விவாதத்தில் பெண் என்று நான் ஒருத்திதான், அந்த அறையில் மூச்சு முட்டும். ஆனாலும் வேலை நன்றாக இருந்தது. விற்கிற திரைக்கதை என்றால் என்ன என்று அந்த மனிதர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை மறுக்க முடியாது. பத்து நிமிஷத்துக்குள் அவளுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிட வேண்டும். இன்டர்வெலில் அவளுக்குத் திரும்பிப்போக வழி இருக்கக்கூடாது. கதையைக் கேட்கிற தயாரிப்பாளர் போனை எடுத்துப் பார்த்தால் அந்தக் காட்சி செத்தது. 'டப்பா கழுவப் போறவ மாதிரி' என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ டைரக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "மேடம், எல்லாம் ஓகே. ஏன் போறா? அவன் அடிக்கணும், இல்ல குடிக்கணும். ஒண்ணுமே இல்லாம போனா ஜனங்க அவளத் திட்டுவாங்க."

நான் அந்த போன் காட்சியைச் சொன்னேன். ரசம், கரண்டி, எல்லாம். என்னைக் கூட்டிவந்த அசிஸ்டென்ட் பையன், "சார், இது அடி வாங்குறதவிட வலிக்குது சார்" என்றான். டைரக்டர் எழுந்து நடந்தார், நின்றார். "இதுதான் மேடம் படம்" என்றார். அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழே உட்கார்ந்திருந்தவருக்கு எதுவும் தெரியாது.

மறுநாள் கரண்ட் தகராறு செய்தது. அறையில் மட்டும் திரும்பத் திரும்ப டிரிப் ஆனது. ஏசி நின்றால் டைரக்டருக்கு மூளை நின்றுவிடும். கெஸ்ட் ஹவுஸ் பையன் பேந்தப் பேந்த முழித்தான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கீழ எங்க வீட்டுக்காரர் இருக்காரு, அவருக்கு இதெல்லாம் தெரியும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தார். இவர்கள் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கதையில் புருஷன் பொண்டாட்டிக்குப் புடவை வாங்கிவரும் காட்சி. டைரக்டர், அவன் மல்லிகைப்பூவும் வாங்கிவருவான் என்றார். ஸ்டூலின் மேலிருந்து என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"ஏன் சார் சிரிச்சீங்க?"

"இல்ல சார், புடவை வாங்குன அன்னிக்கி எவன் சார் பூவும் வாங்குவான்? அதான் புடவை வாங்கிட்டமேன்னுட்டு வந்துடுவான்."

டைரக்டர் கைதட்டினார். "சார், நீங்க கீழ ஏன் உக்காந்திருக்கீங்க? ஆடியன்ஸ நாங்க எங்கெங்கயோ தேடிட்டு இருக்கோம்!" ஏசி ஓட ஆரம்பித்தது. அவருக்கும் ஒரு நாற்காலி வந்தது, டீ வந்தது. கதவு சாத்தப்பட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஜெயில்தான். ஒவ்வொரு காட்சிக்கும் டைரக்டர் அவர் பக்கம் திரும்புவார். "சார், நீங்க ஒரு குடும்பஸ்தன், சொல்லுங்க." இவரும் கூச்சம் விட்டுச் சொல்வார். சொன்னதில் பாதி நன்றாகவே இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். என் கதை, என் பெண், அவள் என்ன செய்ய வேண்டும் என்று என் புருஷனைக் கேட்கிறார்கள். நான் வாய் திறந்தால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், அப்புறம் அவரைப் பார்க்கிறார்கள். வீட்டில் இருப்பதையே ஏசி போட்டு உட்கார்ந்து செய்தோம்.

அந்த போன் காட்சி வரிசையில் நெருங்கிக்கொண்டே வந்தது. டைரக்டர் அதை எடுக்கப்போன போதெல்லாம், "சார், அத அப்புறம் பாக்கலாம், மொதல்ல தங்கச்சி விஷயத்த முடிச்சிடலாம்" என்று தள்ளினேன். ஒருநாள் தள்ள முடியவில்லை. கிளைமாக்ஸுக்கு வந்துவிட்டோம். கதையை முழுசாகக் கேட்டிராத என் வீட்டுக்காரர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, அவன் நல்லவன்தான? பின்ன ஏன் போறா?"

அறையே என் வாயைப் பார்த்தது. டைரக்டருக்குப் பதில் தெரியும், அசிஸ்டென்ட்டுக்குத் தெரியும். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். ரசம் என்று ஆரம்பித்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில், கையில் டீ கிளாஸோடு, அவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

"அதான் சார், நானும் யோசிச்சேன்" என்றேன். "காரணம் பத்தல. போன் சீன் வேணாம். அவ பஸ்ல ஏறட்டும், அப்புறம் மனசு மாறி எறங்கி வந்துடட்டும்."

டைரக்டரும் வியாபாரி. "குடும்பத்தோட பாக்குற படமாயிடும் மேடம். இது இன்னும் சேஃப்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். நான் எழுந்து பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகையைவிட என்மேல் வந்த கோபம்தான் பெரிது.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் அதிகம் பேசவில்லை. டைரக்டர் கேட்டால், "நல்லா இருக்கு சார்" என்பதோடு சரி. களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

தயாரிப்பாளர் ஒரு கல்யாணத்துக்காகப் பாண்டிச்சேரி வந்தார். அவர் தங்கிய ஹோட்டல் அறையிலேயே கதை சொல்ல ஏற்பாடு. நம் சினிமாவில் கதையை யாரும் படிப்பதில்லை, கேட்பார்கள். எழுதிய கட்டு மேஜையில் சும்மா இருக்கும், ஒருவர் உட்கார்ந்து முழுப் படத்தையும் வாயால் ஓட்ட வேண்டும். டைரக்டர், "மேடம், நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாதான் அழுகை வருது" என்றார். கதை சொல்லும்போது நடுவில் யாரும் குறுக்கிடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் வழக்கம். தயாரிப்பாளரே வாய் திறக்கமாட்டார். அது எனக்கு ஒரு வழியாகத் தெரிந்தது. நடுவில் என்னை நிறுத்த ஒருவராலும் முடியாது. என் முடிவையே சொல்லிவிட வேண்டியதுதான். போன் காட்சியையும் சொல்லி, அவளையும் அனுப்பிவிட வேண்டும். திட்டுவதென்றால் அப்புறம் திட்டிக்கொள்ளட்டும். முதல்நாளே முடிவு பண்ணிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

தயாரிப்பாளர் சோபாவில், டைரக்டர் ஓரமாக, என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிரே. "ஓப்பன் பண்ணா ஒரு பஸ் ஸ்டாண்டு சார்" என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே வேகம் வந்தது. கதை இன்டர்வெலுக்கு வந்தபோது தயாரிப்பாளர் போனைக் கவிழ்த்து வைத்தார். கல்யாண வீட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டியதற்கு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். போன் காட்சிக்கு வந்தேன். சாதம் போடுகிறாள் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, ஆஸ்பத்திரியில் அத்தைக்கு ஆபரேஷன் நடக்கும்போது உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். அவராலும் இப்போது எழுந்து போக முடியாது. கதை முடிகிற வரை அவரும் அந்த நாற்காலியில்தான் இருந்தாக வேண்டும்.

என் வாய் தானாகப் போன் காட்சியைத் தாண்டியது. "கட் பண்ணா, பஸ் கெளம்புது சார்" என்றேன். அவளை ஏற்றினேன். ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். பிறகு அவளை எழுப்பி, கண்டக்டரை விசில் அடிக்க வைத்து, இறக்கி, வீட்டுக்கு நடக்கவிட்டேன். புருஷன் வாசலில் நிற்கிறான், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, படம் முடிகிறது என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "லேடீஸ் கொண்டாடுவாங்க" என்றார். அங்கேயே ஒரு பேப்பரில் என்னிடம் கையெழுத்து வாங்கி, அட்வான்ஸ் கொடுத்தார்கள். இனி ஒரு வரி மாற்ற எனக்கு உரிமையில்லை.

வண்டியில் திரும்பினோம். வெயில் தாழ்ந்திருந்தது. பாலத்தில் வண்டிகள் நெருக்கி நின்றதில் நாங்களும் நின்றோம். அவர் திரும்பாமலே பேசினார்.

"எறங்கி வராளே, அது மட்டும் நீ சொன்ன மாதிரி இல்லம்மா. வேற யாரோ சொல்ற மாதிரி இருந்துச்சி."

"ஏன், அதுக்கின்னா?"

"அந்த போன் சீன ஏன் சொல்லல?"

"எந்த போன்?"

"அந்த அசிஸ்டென்ட் தம்பி சொல்லிட்டான், அன்னிக்கி டீ குடிக்கக் கீழ போனப்ப. செம சீன் சார், மேடம் ஏன் வேணான்னுட்டாங்கன்னு தெரியலன்னான். எனக்கு அப்பதான் தெரியும், நீ அத அப்பிடி எடுத்துக்கிட்டன்னு." முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னிக்கி சொல்லுவன்னு நெனச்சேன். சொல்லட்டும், கேட்டுக்கலாம்னுதான் உக்காந்திருந்தேன்."

இவருக்காகத்தானே விழுங்கினேன்! பாலத்திலிருந்து அவரை வண்டியோடு ஆற்றில் தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

"அத எங்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுதான?"

"நீ என்னைக் கேக்கவே இல்லையேம்மா."

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். என் வேலையை என்னைக் கேட்காமல் விட்ட மனிதரை நானும் கேட்காமல், அவருக்கு நல்லது செய்கிறேன் என்று, என் கதையை விட்டிருக்கிறேன். முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. அவர் வண்டியை எடுத்தார்.

வீட்டில் அத்தை டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தார்.

"இன்னாச்சி? போன காரியம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்காக நின்றார்.

"வித்துட்டேன் அத்த" என்றேன்.